இரண்டாவது வண்டிக்கான இடம்

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் அவர் வயதைக் கேட்பதில்லை. விலைச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். நாற்பதைத் தொட்டவர்கள் முழங்கையைக் கொஞ்சம் நிமிர்த்துவார்கள். இன்னும் சில வருடம் போனால் கை நேராகிவிடும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கை நீளம் போதாது, தலையையும் பின்னுக்கு இழுப்பார்கள். வெள்ளெழுத்துக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது.

அவருக்கு அது வந்தது கடையில் அல்ல, பைக்கின் மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், டேங்க்கில் நெஞ்சு படுகிற அளவுக்குக் குனிந்து போய்க்கொண்டிருந்தபோது, வேகம் காட்டும் எண்கள் கலைந்து எறும்பு மொய்த்த மாதிரி தெரிந்தன. மறுநாளே தன் கண்ணைத் தானே சோதித்து, ஹெல்மெட்டுக்குள் நுழையும்படி மெல்லிய காதுக்கம்பி வைத்து ஒரு மூக்குக் கண்ணாடி செய்துகொண்டார். ‘லென்ஸ்’ என்று கூட வண்டி ஓட்டும் கூட்டாளிகள் எப்போதோ வைத்த பட்டப்பெயர் அன்றுதான் முழுசாகப் பொருந்தியது.

அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் வண்டியின் பக்கக் கண்ணாடியில் அந்த மஞ்சள் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது.

அது எங்கே தெரிந்தது என்று சொல்ல, முதலில் அவர்கள் வண்டி ஓட்டும் முறையைச் சொல்ல வேண்டும். நாலைந்து ஸ்போர்ட்ஸ் பைக்குகள் சேர்ந்து போகும்போது ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போவதில்லை. ஜோடி போட்டும் போவதில்லை. முதல் வண்டி சாலையின் நடுக்கோட்டை ஒட்டிப் போகும். இரண்டாவது கொஞ்சம் பின்தள்ளி, சாலையின் ஓரத்தை ஒட்டி. மூன்றாவது மறுபடி நடுக்கோட்டுப் பக்கம், நான்காவது ஓரம். ஜிப்பின் பற்கள் மாதிரி. இப்படிப் போனால் ஒவ்வொருவருக்கும் பிரேக் பிடிக்க முன்னால் இடம் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு மொத்தக் கூட்டமும் ஒரே வண்டி போலத் தெரியும். யாராவது பாதியில் விலகினால் பின்னால் வருகிறவர்கள் ஓரிடம் முன்னேறி ஓட்டையை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறு எவனாவது மூக்கை நுழைப்பான். வண்டி பழகும்போதே படிக்கிற பாடம் இது.

அவர்கள் அடைக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக அவர்களுடைய வரிசையில் இரண்டாவது இடம் காலியாகவே போய்க்கொண்டிருந்தது.

அது அவர் தம்பியின் இடம். சின்னவன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சாகும்போது அவனுக்கு வயது இருபத்தைந்து. வீட்டில் இளம் மனைவி, தவழக்கூடத் தெரியாத கைக்குழந்தை. மலையடிவாரத்து வளைவு ஒன்றில் ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன மணலில் சக்கரம் வழுக்கியது. முன்னால் போன அண்ணன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபோது தம்பியின் விளக்கு இருந்தது. மறுபடி பார்த்தபோது இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு அவர்கள் வண்டியை எடுத்த முதல் நாள், அந்த இடத்துக்கு யாரும் நகரவில்லை. விட்டுவைக்கலாம் என்று யாரும் பேசி முடிவு செய்யவும் இல்லை. பேக்கரிக்காரர் தன் மூன்றாம் இடத்திலேயே நின்றார். அவருக்குப் பின்னால் பல் டாக்டர். கடைசியில், வால் காக்க, லிஃப்ட் மெக்கானிக். ஒரு தடவை விட்டார்கள், அடுத்த தடவையும் விட்டார்கள். நாளடைவில் விட்டுவைப்பது சாதாரணமாகி, அடைப்பதுதான் பெரிய காரியமாகிப் போனது.

மற்றதெல்லாம் மாறியது. பல் டாக்டருக்கு இடுப்புப் பிடிப்பு வந்தது. வண்டியிலிருந்து இறங்கினால் நிமிரவே கொஞ்ச நேரமாகும். லிஃப்ட்காரர் சர்க்கரை மாத்திரையை டேங்க் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பேக்கரிக்காரரின் வயிறு டேங்க்குக்கும் அவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தது. புதிதாக யாரும் வந்து சேரவில்லை. ஷோரூம் விற்பனையாளன் ஒருவன் அவர்களிடம் ஒருமுறை சொன்னான்: “முன்னெல்லாம் அப்பா பணம் கட்டுவார், பையன் ஏறுவான் சார். இப்போ பையன் பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘அப்பா, பாத்து ஏறுப்பா’ங்கறான்.”

“நம்ம சராசரி வயசு இன்னும் அம்பதைத் தொடலடா,” என்பார் பல் டாக்டர், காபிக்கு நிறுத்தும் இடத்தில். “சின்னவனையும் சேத்துக் கணக்குப் போடு. இருபத்தஞ்சு. அவன்தான் நம்மளைக் கீழ இழுத்துப் பிடிச்சிருக்கான்.”

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் கோப்பைகளின் சத்தம் மட்டும் கேட்கும். யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள்.

அந்த மஞ்சள் வெளிச்சம் அவனுடைய இடத்தில்தான் தெரிந்தது. கூட்டாளிகளின் வண்டிகளெல்லாம் புதியவை, விளக்குகள் பால் வெள்ளை. நடுவில் இந்த ஒன்று மட்டும் பழைய வண்டிகளின் மங்கிய மஞ்சளில், சாலையின் ஓரத்தை ஒட்டி, கொஞ்சம் பின்தள்ளி வரும். எப்போதும் வராது. வரும்போது இரண்டு மூன்று திருப்பங்கள் வரைக்கும் கூடவே வரும். அவர் தொழில் தெரிந்தவர். ஹெல்மெட்டின் முகத்தகடு, அதற்குள் மூக்குக் கண்ணாடி, வெளியே பக்கக் கண்ணாடி. மூன்று பரப்புகளுக்கு இடையே ஒளி எப்படியெல்லாம் எதிரொளித்துப் பொய் உருவம் காட்டும் என்று படம் வரைந்தே காட்டுவார். அப்படிப்பட்ட பொய் உருவத்தை அழிக்க லென்ஸின் மேல் பூசும் பூச்சு அவர் கடையிலேயே இருந்தது. தன்னுடைய மூக்குக் கண்ணாடிக்கு மட்டும் அதைப் பூசிக்கொள்ளவில்லை.

*

தம்பி மகள் ஒரு மாலை கடைக்கு வந்தாள். வாசலில் நின்ற பைக்கையும் அவள் கையில் தொங்கிய ஹெல்மெட்டையும் பார்த்து அவர் லென்ஸ் துடைப்பதை நிறுத்தினார்.

“யார் வண்டி?”

“என்னுதுதான் பெரியப்பா.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம வாங்கியிருந்தா என்னைக் கொன்னிருப்பாங்க. தெரிஞ்சு வாங்கினதால பேசாம மட்டும் இருக்காங்க.”

அவள் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். எந்த வயதுக்காரனுக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடும் பிரிவு. பந்தயத் தடத்தில் முறையாக வண்டி பழகியிருக்கிறாள் என்பதும், அதற்கு ஒரு வருடம் ஆனது என்பதும் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கடைக்கு வந்தால் கண் சோதிக்கும் நாற்காலியில் உட்காருவது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். இப்போதும் அதிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

“எங்க ஆபீஸ்ல ஒரு கிராஃப் வச்சிருக்கோம் பெரியப்பா. ஸ்போர்ட்ஸ் பைக்ல விழுந்து சாகறவங்களோட வயசு. முன்னாடி ஒரே ஒரு மேடுதான் இருக்குமாம். இருபதுல ஏறி முப்பதுல இறங்கிடும். அப்பா அந்த மேட்டுல ஒருத்தர்.”

அவர் கையிலிருந்த லென்ஸை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

“இப்போ ரெண்டாவதா ஒரு மேடு முளைச்சிருக்கு. நாப்பத்தஞ்சுல ஏறுது. இறங்கவே மாட்டேங்குது. அது நீங்கதான். நீங்களும் உங்க கூட்டாளிங்களும்.”

“உன் வயசுக்காரங்க?”

“எங்க யாருக்கும் இது வேணாம். இந்த விலைக்கு ஊர் சுத்திட்டு வந்துடலாம்னு சொல்றாங்க. நான் வண்டியில போய் இறங்கினா எங்க மேனேஜர்தான் சுத்திச் சுத்தி வந்து பாக்கறார். அவருக்கு நாப்பத்தெட்டு. பாவம், வீட்டுல விடமாட்டாங்களாம்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் நின்றது.

“அடுத்த மாசம் நான் அப்பாவைத் தாண்டிடுவேன் பெரியப்பா. அவர் இருந்த வயசை. அதுக்கப்புறம் அவர் என்னை விடச் சின்னவர். அதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க கூட வரணும். அவர் போன மாதிரி, அவர் கூடப் போனவங்களோட.”

உள்ளறையில் லென்ஸ் விளிம்பைச் சீவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு வட்டத்தை முடித்து நின்றது. அவள் நெற்றியும், ஒரு பக்கம் ஏறி நிற்கும் புருவமும் அப்படியே அவன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

“வா,” என்றார்.

*

அவர்கள் கூடும் இடம் ஊர் எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க். வழக்கமாக வெளிச்சம் சரியாக வருவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் சாலை அவர்களுக்கே எழுதி வைத்த மாதிரி கிடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்ப முடியவில்லை. மகளின் வண்டிக்குப் பின்னாலேயே ஒரு வாடகைக் காரில் அவள் அம்மா வந்து இறங்கினாள்.

இருபத்தைந்து வருடமாக அவள் இந்த மனிதர்களை ஹெல்மெட்டோடு பார்த்ததில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தாள். பேக்கரிக்காரர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் நரைச்சுப்போச்சு,” என்றாள்.

“எனக்கு நரைக்கலைங்க,” என்றார் பல் டாக்டர். “நரைக்கறதுக்கு அங்க என்ன இருக்கு?”

அவள் சிரித்தாள். பிறகு லென்ஸைத் தனியே கூப்பிட்டு, காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினாள்.

“நான் தடுக்க வரல அத்தான். தடுத்துப் பாத்தாச்சு. கொண்டு போற மாதிரியே கொண்டு வந்து விடுங்க. அவ உங்க பார்வையில இருந்து மறையக்கூடாது. அது ஒண்ணுதான் கேக்கறேன்.”

“விடறேம்மா.”

“அவரும் இருந்திருந்தா இந்நேரம் இப்படித்தான் நின்னுக்கிட்டிருப்பார். உங்க அப்பாவுக்கு இருந்த மாதிரி உச்சியில வழுக்கை. தொப்பை வேற. குனிஞ்சு ஓட்டவே முடிஞ்சிருக்காது. முழங்கால் வலின்னு என்கிட்ட தைலம் தேய்க்கச் சொல்வார்.” வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தம்பியை வழுக்கைத் தலையோடு அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

“தனியா வயசாகறது கஷ்டமா இருந்துச்சு அத்தான்,” என்றாள். “அதான் அவரையும் கூடவே கூட்டிக்கிட்டு வந்துட்டேன்.”

இரண்டு பேரும் காற்றடிக்கும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் பங்க்கின் கூரையைத் தொட்டு, தூண்களில் இறங்கியது. முதல் பேருந்து போனது. பால் வண்டி, பிறகு காய்கறி வண்டிகள். அவள் காரில் ஏறிப் போனபோது சாலை மற்ற எல்லோருடையதாகவும் ஆகியிருந்தது.

அவர் வரிசையைச் சொன்னார். “நான் முன்னால. பாப்பா மூணாவது, எனக்கு நேர் பின்னால. அப்போதான் கண்ணாடியில தெரிவா. நீ ஓரிடம் தள்ளி ஓரமா வா,” என்றார் பேக்கரிக்காரரிடம். “அதுக்குப் பின்னால டாக்டர். வால்ல இவன்.”

“அப்போ ரெண்டாவது?” என்றாள் தம்பி மகள்.

“அது இருக்கட்டும்.”

“இருக்கட்டும்னா? ஓரத்துல ஓட்டையா விட்டா கார் நுழையும் பெரியப்பா.”

லிஃப்ட்காரர் கையுறையின் பட்டையைக் கழற்றி மறுபடி மாட்டினார். பேக்கரிக்காரர் இருமினார்.

“எங்க பழக்கம் அது,” என்றார் அவர். “சொன்னபடி வா.”

அவள் எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எதுவும் கிடைக்காமல் முகத்தகட்டை இறக்கிக்கொண்டாள்.

*

நன்றாக ஓட்டினாள். அவருக்கு அது முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. தோள் இறுகவில்லை, பார்வை சக்கரத்தின் முன்னால் விழாமல் திருப்பத்தின் முடிவுக்குப் போனது. பக்கக் கண்ணாடியில் அவளுடைய வெள்ளை விளக்கு ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது.

ஊரைத் தாண்டியதும் மஞ்சள் வந்தது.

இத்தனை வெயிலில் அது வந்ததே இல்லை. ஓரத்தில் மஞ்சள், நடுப்பக்கம் வெள்ளை. அப்பனும் மகளும் ஒரே கண்ணாடியில். வேகத்தைக் கூட்டவும் மனமில்லை, குறைக்கவும் மனமில்லை. இப்படியே சாலை முடியாமல் போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது. கண்ணாடியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். சாலையைப் பார்த்த நேரம் குறைந்துகொண்டே போனது.

ஓரத்துக் கிளைச்சாலையின் வாயில் ஒரு சரக்கு வேன் நின்றிருந்ததை அவர் பார்க்கவில்லை. அதைக் கடந்து போனார்.

வேன் ஓட்டியவன் ஒரு பைக் போவதைப் பார்த்தான். அதற்குப் பின்னால் சாலையின் தன் பக்கத்து ஓரம் காலியாக இருந்ததையும் பார்த்தான். ஏறினான்.

கண்ணாடியில் மஞ்சள் இருந்த இடத்தில் வேனின் மூக்கு தெரிந்தது. வெள்ளை மறைந்தது.

அவருடைய உடம்புக்கு அந்தக் கணம் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒருமுறை வந்த அதே கணம். சத்தம் இல்லாத அதே வெறுமை. ஆனால் இந்த முறை சத்தம் வந்தது. டயர் தார்ச்சாலையில் கத்தியது. எதிரே வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. பிறகு வேனைத் தாண்டி நடுக்கோட்டுக்கு மறுபுறம் வெள்ளை விளக்கு ஒன்று தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. பேருந்துக்கும் வேனுக்கும் நடுவில், கதவிடுக்கு அளவு இடத்தில், நிமிர்ந்து, மறுபடி தன் பக்கம் வந்து சேர்ந்தது. பின்னால் ஓர வரிசையில் வந்த பேக்கரிக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வேனின் முதுகில் மோதாமலிருக்கச் சரளை மண்ணில் இறங்கி, உருண்டார்.

*

“விழுந்த இடத்துல மாவு மூட்டை மாதிரி கிடந்தேன்டா,” என்றார் பேக்கரிக்காரர். சாலையோரத்தில் படுத்திருந்தார். கழுத்தெலும்பை டாக்டர் தொட்டதும் பல்லைக் கடித்தார். “நீ பல்லைப் பாக்கறவன். எலும்பைத் தொடாதே.”

“பல்லும் எலும்பு மாதிரிதான். பேசாம படு. உடைஞ்சிருக்கு.”

வேன்காரன் பக்கத்தில் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். யாரும் திட்டாமலே பேசினான். “இடம் இருந்துச்சு சார். ஒரு வண்டிதான் போகுது, பின்னால இடம் இருக்குன்னுதான் வந்தேன். இடம் இல்லாம வருவேனா?”

லிஃப்ட்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அவன் சொன்னதில் பொய் இல்லை.

அவள் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். கையுறையைக் கழற்ற முடியவில்லை. அவர் உதவப் போனார். கையை இழுத்துக்கொண்டாள்.

“யாருக்கு அந்த இடம்?”

கடைசியில் பேக்கரிக்காரர்தான், வானத்தைப் பார்த்தபடியே, சொன்னார். “உங்கப்பனுக்கும்மா.”

“எவ்வளவு நாளா?”

“அன்னியிலிருந்து.”

அவள் சாலையைப் பார்த்தாள். ஒரு லாரி போனது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கும் குரலில் கேட்டாள்.

“அவர் வந்தாரா பெரியப்பா? அங்க?”

கூட்டாளிகளின் முன்னால் அவர் இதைச் சொன்னதில்லை. மனைவியிடம்கூட இல்லை.

“சில நாள்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கும்.”

“அப்போ வேன் எப்படி நுழைஞ்சுது?”

அவர் வேன் நின்ற பக்கம் திரும்பினார்.

“அவர் அங்க இருந்திருந்தா அது அவர் மேலதானே ஏறியிருக்கணும்? நேரா என் முன்னாடி வந்துது.” அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. “அம்மா அவரை வீட்டுல வச்சிருக்காங்க. சட்டை அளவு ஏறியிருக்கும், இந்த வருஷம் கண்ணாடி போட்டிருப்பார்னு ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரும். ஆனா அதனால யார் கழுத்தெலும்பும் உடையல.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். சராசரிக் கணக்கு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வேன்காரனே பேக்கரிக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஒத்துக்கொண்டான். டாக்டர் கூட ஏறிக்கொண்டார். “என்னை ரொட்டித் தட்டு மாதிரி பின்னால தள்ளாதீங்கடா, முன் சீட்டு குடுங்க,” என்று பேக்கரிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தது கதவை மூடும் வரை கேட்டது. அவர்கள் இருவருடைய வண்டிகளையும் பக்கத்து வீட்டு முற்றத்தில் சொல்லி நிறுத்தினார்கள்.

மீதி இருந்தது மூன்று வண்டிகள். அவர், அவள், லிஃப்ட்காரர். வீடு திரும்ப வேண்டும். யாரும் ஏறவில்லை. வரிசையை எப்போதும் அவர்தான் சொல்வார். இரண்டு பேரும் அவர் சொல்லக் காத்திருந்தார்கள். அவளை மூன்றாவதாக வைத்தால் மறுபடி அதே ஓட்டை. இரண்டாவதாக வைக்க வேண்டும். ஓரத்தை ஒட்டி, கொஞ்சம் பின்தள்ளி. கண்ணாடியில் அந்த இடத்தில் அவளுடைய விளக்கு வருவதையும், அடுத்த பார்வையில் அது இல்லாமல் போவதையும் அவர் நினைத்துப் பார்த்தார்.

“நீ முன்னால போ,” என்றார்.

“நானா?”

“பாதை தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்போ போ.”

லிஃப்ட்காரர் அவரைப் பார்த்தார். “நீ?”

அவர் வண்டியைக் கிளப்பினார். அவள் நடுக்கோட்டை ஒட்டிப் போனாள். அவர் சாலையின் ஓரத்துக்கு வந்தார். கொஞ்சம் பின்தள்ளி.

*

அந்த இடத்திலிருந்து பார்த்தால் உலகம் வேறு மாதிரி இருந்தது. இத்தனை வருடமாக முன்னால் வெறும் சாலையைப் பார்த்தே ஓட்டியவருக்கு இப்போது முன்னால் ஒரு முதுகு. அவளுடைய தோள் சாய்வதைப் பார்த்து வரப்போகும் திருப்பத்தைப் படிக்க வேண்டியிருந்தது. பின் விளக்கு சிவந்தால் தன் விரலும் பிரேக்குக்குப் போனது. முன்னால் போகிறவனை நம்பித்தான் இங்கே இருக்க முடியும் என்று புரிந்தது. தம்பியை அவர் எப்போதும் கண்ணாடியில் கட்டைவிரல் நகத்தளவு உருவமாகத்தான் பார்த்திருக்கிறார். அவனோ அவரை முழுசாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான், முதுகும் தோளும் ஹெல்மெட்டின் பின்புறமுமாக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். கடைசியாக அவன் பார்த்தது அந்த முதுகாகத்தான் இருக்கும்.

சாலை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. அங்கே அவர் எப்போதும் ஏரிக்கரை வழியைத்தான் எடுப்பார். அது சுற்று வழி. இன்னொன்று மலையடிவாரத்து வழி, பாதித் தூரம். அந்த நாளுக்குப் பிறகு அவர்களுடைய வண்டிகள் அதில் போனதில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்டதும் இல்லை. அவளுக்கு அது தெரியாது. வீட்டுக்குப் போகிற எவரையும் போல அவள் குறுக்கு வழிக்குக் கையைக் காட்டினாள்.

அவர் கட்டைவிரல் ஹாரனின் மேல் இருந்தது.

முன்னால் போகிறவர்தான் பாதையை முடிவு செய்வார். அவர்கள் கூட்டத்தின் முதல் விதி அது, அவரே போட்டது. சின்னவன் ஒருநாளும் பின்னாலிருந்து ஹாரன் அடித்ததில்லை. அண்ணன் திரும்பினால் திரும்புவான்.

அவர் விரலை எடுத்தார். திரும்பினார்.

மலை நெருங்கியது. வளைவுக்காக அவர் உடம்பு முன்கூட்டியே இறுகியது. முதலில் ஒரு சிறு பாலம் வரும். பாலத்தின் கைப்பிடிச்சுவரில் ஒரு பக்கம் உடைந்திருக்கும். அதைத் தாண்டி ஒரு இறக்கம், பிறகு பாறை, பாறையைச் சுற்றி உள்வாங்கித் திரும்பும் சாலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எத்தனையோ தடவை தூக்கத்திலேயே அங்கே போயிருக்கிறார். பாலம் வரவில்லை. அகலமான நேர்ச்சாலை, நடுவில் இடுப்பளவுச் சுவர், இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. பாறை இருக்க வேண்டிய இடத்தில் மலையை வகிர்ந்து இறக்கியிருந்தார்கள். வெட்டிய பக்கம் புதிதாக, சிவப்பாக இருந்தது. எங்கே, எங்கே என்று தேடிக்கொண்டே போனார். எப்போது வந்தது, எப்போது கடந்தது என்று தெரியவில்லை.

சாலைக்குக் கீழே ஓரத்தில் ஒரு துண்டு பழைய தார் தெரிந்தது. அரிவாள் மாதிரி வளைந்து, எங்கிருந்தும் தொடங்காமல் எங்கேயும் போய்ச் சேராமல் கிடந்தது. வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. யாரோ அதன் மேல் சிமெண்ட் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சரியாகப் பார்ப்பதற்குள் பின்னால் போய்விட்டது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தார். லிஃப்ட்காரரின் வெள்ளை விளக்கு இருந்தது. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் இந்த இடத்தில் இருப்பவனுக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. முன்னால் அவள் ஒரு லாரியைத் தாண்டுவதற்காக வெளிப்பக்கம் சாய்ந்தாள், வேகத்தைக் கூட்டினாள்.

நடுவில் இடைவெளி விழுந்துவிடக் கூடாது என்று அவரும் கூட்டினார்.